வலப்பக்கம் உறுமிய டைனோசர்

குடும்பத்தில் சத்தம் என்றால் ஆபரேட்டர்தான். தியேட்டரில் புரொஜெக்டர் அறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவர். சமையலறையில் மிக்சி ஓடுவதைக் கூடத்திலிருந்தே கேட்டு, "பிளேடு ஒரு பக்கம் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். மாமனார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெடப்போகிறது என்பதைப் போனில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோதே கண்டுபிடித்தவர். மோட்டாருக்கே அது தெரிய மேலும் நான்கு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மனைவியின் வீட்டார் மொத்தமும் அவருடைய தியேட்டருக்குத்தான் வரும். பால்கனியில் கடைசி வரிசை. மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டை இன்னும் ஓய்வு பெறவில்லை. படம் முடிந்ததும் படிக்கட்டில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி, "படம் சுமார்தான். ஆனா சத்தம் இருக்கே, அது எங்க பெரிய மாப்பிள்ளை கைவண்ணம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆபரேட்டர் ஒரு வாரத்தை ஓட்டுவார்.

அதற்குத்தான் சின்ன மாப்பிள்ளை வேட்டு வைத்தார்.

சின்ன மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஆபரேட்டருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவர், ஆகவே சகலை. குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'கண்ணாடி'. ஒரு நாள் அவர் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியும், அறையைச் சுற்றி வைக்க ஏழு ஸ்பீக்கரும், டைனோசர் படத்தின் ஐந்து பாகமும் அடங்கிய டிஸ்க் பெட்டியும் வாங்கி வந்து இறக்கினார். ஆள் அனுப்பி மாட்டித் தருகிறோம் என்று கடைக்காரர்கள் சொன்னதற்கு, "கண்ணுக்குக் கண்ணு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பாக்கறவன் நான். எனக்கு ஒயர் மாட்டத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பால்கனிக் கடைசி வரிசை காலியாகக் கிடந்தது. ஆபரேட்டர் புரொஜெக்டர் ஜன்னல் வழியாக மூன்று தடவை எட்டிப் பார்த்தார். இடைவேளையில் மனைவிக்குப் போன் போட்டார். எடுத்த உடனே பின்னால் ஏதோ பிளிறியது.

"எங்க இருக்கே?"

"தங்கச்சி வீட்ல. எல்லாரும் இங்கதான் இருக்கோம். அய்யோ, என்ன சத்தங்க இது! சத்தம்னா என்னன்னு நீங்க ஒரு தடவை வந்து கேக்கணும்!"

இருபத்தாறு வருஷம் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவரைப் பார்த்துக் கட்டின மனைவி சொல்கிற பேச்சு. ஆபரேட்டருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த நேரத்தில் புரொஜெக்டர் அறைக் கூரையில் இருந்த புகை அலாரம் ஒரு முறை கூவி அடங்கியதாக டிக்கெட் கிழிக்கிறவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

மறு ஞாயிறு லீவு போட்டுவிட்டு, குறை கண்டுபிடிக்கிற ஒரே நோக்கத்தோடு ஆபரேட்டர் கிளம்பினார்.

"வாங்க சகலை, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கண்ணாடி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வருவீங்கன்னு முதல் பாகத்தையே மறுபடி போடறேன். எங்க வேணாலும் உக்காருங்க. இங்க தூணு மறைக்காது."

தியேட்டரில் ஒரே ஒரு தூண்தான். அது ஏழு சீட்டைத்தான் மறைக்கும். ஆபரேட்டர் சோபாவின் நடுவில் போய் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. மழைக் காட்சி வரட்டும், இருட்டெல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும் என்று காத்திருந்தார். மழைக் காட்சி வந்தது. இருட்டு, தார் ஊற்றின மாதிரி இருட்டாகவே இருந்தது. அதற்குள் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்தது. துளிக்குப் பின்னால் இலை, இலையின் நரம்பு, நரம்பின் மேல் ஒரு எறும்பு. இந்தப் படத்தை நூற்றுப் பன்னிரண்டு நாள் தன் கையால் ஓட்டியவர் அவர். அந்த எறும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

டைனோசர் வந்து வாயைப் பிளந்ததும் கண்ணாடி ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். "சகலை, அது வாயில கடைசிக்கு முந்தின பல்லைப் பாருங்க. லேசா உடைஞ்சிருக்கு. உங்க தியேட்டர்ல இது தெரிஞ்சுதா?"

"நான் ஓட்டறப்ப அது உடையல" என்றார் ஆபரேட்டர்.

மாமியார் மட்டும் சிரித்தார். படம் மறுபடி நகர்ந்தது. டைனோசர் நடக்க ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது. வாசலில் விட்டிருந்த செருப்புகள் அடிக்கு ஒரு படியாக இறங்கி, படம் முடிகிற நேரத்தில் தெருமுனையில் போய் நின்றன. அதிலும் கண்ணாடியின் செருப்புதான் முன்னால் நின்றது.

ஆனால் அதற்கு முன்பே ஆபரேட்டர் கண்டுபிடித்துவிட்டார்.

டைனோசர் திரையில் இடப்பக்கத்திலிருந்து வந்தது. காலடிச் சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஜீப் வலப்பக்கம் ஓடியது. டயர் இடப்பக்கம் கிறீச்சிட்டது. அரை மில்லிமீட்டர் பார்க்கிற கண்ணாடி, இடது ஸ்பீக்கர் ஒயரையெல்லாம் வலது துளையிலும் வலது ஒயரையெல்லாம் இடது துளையிலும் சொருகி வைத்திருந்தார். ஆபரேட்டர் வாயைத் திறந்தார். "சகலை, உங்க ஒயர்..." என்பது வரைக்கும் வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

அப்போதுதான் அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. மாற்றி மாட்டிவிட்டால், ஏற்கனவே படத்தில் குறை இல்லை, இனி சத்தத்திலும் குறை இருக்காது. மாமனார் செத்தாலும் தியேட்டர் பக்கம் திரும்ப மாட்டார். சொல்லாவிட்டால்? உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த ஓர் ஓட்டை சகலையின் பெருமையில் இருந்துகொண்டே இருக்கும்.

வாயை மூடிக்கொண்டார்.

"சத்தம் எப்படி சகலை? சும்மா சொல்லுங்க."

"இருக்கு" என்றார் ஆபரேட்டர்.

ரகசியம் இரண்டு வாரம் இனித்தது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று ஞாயிறு தவறாமல் போய் உட்கார்ந்தார். மூன்றாம் பாகத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது; நிறமும் பச்சையாக அடித்தது. அதைக்கூட அவர் வெளியே சொல்லவில்லை. பெரிய குறையைக் கையில் வைத்திருக்கிறவனுக்குச் சில்லறைக் குறை எதற்கு?

ஆனால் காது சொன்னபடி கேட்டால்தானே? முதலை மாதிரி ஒன்று இங்கே வாயைப் பிளந்து அங்கே கத்துகிறபோதெல்லாம், சட்டையை முதுகுப் பக்கம் பட்டன் வைத்துப் போட்ட மாதிரி அவருக்கு உடம்பு நெளிந்தது. மற்றவர்களுக்கோ அது பழகியே போய்விட்டது. சத்தம் வலப்பக்கம் வந்தால் எல்லாத் தலையும் ஒழுங்காக இடப்பக்கம் திரும்பின. அவரவர் வீட்டிலும் அப்படித்தான். முன்வாசலில் மணி அடித்தால் மாமியார் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். ஒரு தடவை ரோட்டைக் கடக்கையில் இடப்பக்கம் ஹாரன் கேட்டு மாமனார் வலப்பக்கம் பார்த்து நிற்க, பஸ் டிரைவர் இறங்கி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான்காம் பாகம் போட்ட ஞாயிறு, எல்லோரும் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் டிவிக்குப் பின்னால் நுழைந்தார். காது தாங்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார். இன்றைக்கு எல்லோரும், "அடடா, சத்தம் இன்னிக்கு என்னமா இருக்கு!" என்பார்கள். அப்போது மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தனை வாரமா தலைகீழாக் கேட்டீங்க. இப்பத்தான் நான் சரி பண்ணேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கண்ணாடியின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

ஒயர்கள் இடம் மாறின. படம் ஆரம்பித்தது.

அப்பா! இடப்பக்கம் வந்தது இடப்பக்கம் உறுமியது. மேலே பறந்தது மேலேயே கத்திக்கொண்டு தலைக்குப் பின்னால் போயிற்று. ஆபரேட்டருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது. இவ்வளவு சுத்தமான சத்தத்தைத் தன் தியேட்டரிலும் அவர் கேட்டதில்லை. பொறாமை என்று ஒன்று இருப்பதே முழுசாக ஐந்து நிமிஷம் மறந்துபோயிற்று.

"என்னப்பா இது?" என்றார் மாமனார். "மிருகம் ஒரு பக்கம் நிக்குது, சத்தம் எங்கிருந்தோ வருதே?"

"எனக்குத் தலை சுத்துது" என்றார் மாமியார்.

"போன வாரமெல்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சு!" கண்ணாடியின் மனைவி புருஷனை முறைத்தாள். "ரிமோட்ல கண்டதையும் அமுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் ஒண்ணும் அமுக்கலையே!" கண்ணாடிக்கு முகம் வெளுத்துவிட்டது. படத்தை நிறுத்தினார், போட்டார், மறுபடி நிறுத்தினார்.

மாமனார் சோபாவில் திரும்பி உட்கார்ந்தார். "பெரிய மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் பாருங்க. இந்த வீட்ல காதுள்ள ஆள் நீங்க ஒருத்தர்தானே?"

ஐந்து வாரமாகக் கேட்காத குரல் அது. ஆபரேட்டர் எழுந்தார். "மாமா, நெசமா சொல்லப்போனா, இப்பத்தான் சத்தம்..." என்று ஆரம்பித்தார்.

"இப்பத்தான் கெட்டுப்போச்சு, அதானே? நானும் அதைத்தான் சொல்றேன்."

"சரி பண்ணிடுங்க அத்தான்" என்றாள் கண்ணாடியின் மனைவி. அவருடைய சொந்த மனைவி, "அவர் கை வச்சாச் சரியாயிடும்" என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனை நாளாயிற்று!

ஆபரேட்டர் மறுபடி டிவிக்குப் பின்னால் நுழைந்தார். கண்ணாடி டார்ச் அடித்தார்.

"யாரோ கை வச்சிருக்காங்க சகலை. துளை பக்கத்துல தூசி கலைஞ்சிருக்கு பாருங்க. ஆள் மட்டும் தெரியட்டும், விரலை ஒடிச்சிடுவேன்."

"இப்படியும் மனுஷங்க இருக்கத்தான் செய்யறாங்க" என்றார் ஆபரேட்டர். சொல்லிக்கொண்டே, சரியாக இருந்த ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தப்பான துளையில் சொருகினார். கை கூசியது. கடைசி ஒயரில் ஒரு கணம் நின்றார், சோபாவிலிருந்து மாமனார், "என்ன மாப்பிள்ளை, முடியுமா?" என்றார். சொருகிவிட்டார்.

படம் ஓடியது. டைனோசர் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் உறுமியது. கூடம் முழுக்க, "ஹா!" என்று ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

"இதான்யா சத்தம்!" மாமனார் தொடையில் தட்டினார். "லட்ச லட்சமா கொட்டி வாங்கி என்ன, பெரிய மாப்பிள்ளை கை படலேன்னா எல்லாம் வெறும் பெட்டிதான்."

பெட்டிக்குச் சொந்தக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார். உதடு சிரித்தது. கண் மட்டும், கடைசி ஆள் வரைக்கும் சாப்பிட்டு எழுந்த பந்தியில் தனக்கு மட்டும் இலை கிடைக்காதவனைப் போல, ஆபரேட்டரையே பார்த்தது. அந்தப் பார்வை எங்கே சுடும், எவ்வளவு சுடும், எந்த நேரத்தில் அதிகமாகச் சுடும் என்பதெல்லாம் ஆபரேட்டருக்கு அத்துப்படி.

எல்லோரும் தள்ளி உட்கார்ந்து அவருக்கு நடுவில் இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை, படம் முடிகிற வரைக்கும் சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி பிரமாதம். சத்தம்தான் சகிக்கவில்லை.