சொல்லாமல் விட்டது

விழுந்தவருக்குப் பேச்சு போகவில்லை. எல்லாரும் அதைத்தான் பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது, முன்பைவிடக் கோர்வையாகவே பேசினார். பக்கத்து வீட்டு அக்கா அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "மனுஷன் எவ்வளவு தெளிவா இருக்கார், நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே?" என்று அவளைக் கடிந்துகொண்டாள்.

கம்பெனி மேனேஜரும் அந்தப் பேச்சை நம்பித்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார். "மூணாம் நம்பர் லிஃப்ட் நின்னுடுச்சாம், போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினார். போனார், பார்த்தார், வந்தார்.

"பார்த்தேன் சார். நின்னுக்கிட்டுதான் இருக்கு. உள்ளே ரெண்டு பேர் கதவைத் தட்டிக்கிட்டு இருக்காங்க."

அத்தோடு வேலை போயிற்று.

"வார்த்தையெல்லாம் பத்திரமா இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஒரு வார்த்தை சொன்னா, சொல்லாத பத்து விஷயம் நமக்குத் தானா புரியும். அதுலதான் அடி."

"திரும்பி வருமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "சொல்றதுக்கில்ல."

அவளுக்கு ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. காலையில் கிளம்பும்போது, செய்ய வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிவைத்துவிட்டுப் போவாள். மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கவும் என்று எழுதிய அன்று, துணியை மார்போடு அணைத்துக்கொண்டு மழையிலேயே நின்றார். மறுநாள், எடுத்து உள்ளே கொண்டுவரவும் என்று சேர்த்தாள். ஈரத்துணி மெத்தை மேல் கிடந்தது. தாள் நீண்டுகொண்டே போனது. ஒரு வரியின் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. வம்புக்குச் செய்தால் திட்டலாம். அவர் ஒவ்வொரு எழுத்தையும் தலைமேல் வைத்துச் செய்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆறு வயது மகளைப் பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்வாள். அக்கா ஊருக்குப் போயிருந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு லீவு ஒன்றுகூட மிச்சமில்லை. மருந்தைக் கொடுத்துப் படுக்கவைத்தாள்.

"நல்லாத் தூங்கட்டும். எழுப்பாதீங்க."

"சரி" என்றார் அவர்.

சலவைக்கூடத்தில் போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான்கு மணிக்கு எடுத்துப் பார்த்தாள், எந்த அழைப்பும் இல்லை. மனசு கொஞ்சம் லேசாக வீடு வந்தாள்.

கட்டிலுக்கு அருகில் அவர் முழங்கால் மேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். குழந்தையின் கண் பாதி திறந்து மேலே செருகியிருந்தது. பாவாடை நனைந்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"எப்பலேருந்துங்க இப்படி?"

"மத்தியானம் கையும் காலும் உதறிச்சு. அப்புறம் அடங்கிடுச்சு. நான் எழுப்பவே இல்ல."

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கண் விழித்து அம்மா என்றது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தாள், பிறகு எதை நினைத்தோ முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. "நான் தப்பு பண்ணிட்டேன்னு தெரியுது. எப்படிச் சொல்லியிருந்தா சரியாச் செஞ்சிருப்பேன்? அதைச் சொல்லு, இனிமே அப்படியே செய்யறேன்."

"உடம்பு ரொம்பக் கொதிச்சா எழுப்பணும்."

"ரொம்பன்னா எவ்வளவு?"

"பார்த்தாலே பயமா இருக்கும்ல, அப்ப."

"எதைப் பார்த்தா பயப்படணும்?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கையை மட்டும் விடாமல் வைத்திருந்தார்.

வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வீட்டுக்கு வந்த மறுநாளே மகளைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

"குட்டி எப்ப வருவா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "உடம்பு தேறட்டும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். அவர்தான் எடுத்துப் பேசினார். பேசி முடித்துவிட்டு, தலை வாரி, சட்டை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நல்லா ஓடி ஆடி விளையாடறாளாம். போய்க் கூட்டிட்டு வரலாமா?"

அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். அவர் பதிலுக்காக வாசலில் காத்து நின்றார்.