வட்டக்காய் மஹர்

இத்ரூஸ் முதலாளி மகளின் கல்யாணத்தை லொறியில் சாமான் ஏற்றுகிற மாதிரித்தான் திட்டம் போட்டார். பாரமானது அடியில், நசுங்குவது மேலே. தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவருக்கு வேறு எப்படித் திட்டம் போட வரும்? றிஸ்லாவுக்கு மாத்தளை மாப்பிள்ளை றினோஸைப் பேசி முடித்த அன்றே மண்டபத்தைப் பிடித்துவிட்டார். கரண்ட் போனால் ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டர் காலை வாரினால் இன்னொரு ஜெனரேட்டர். மாப்பிள்ளையின் கார் வழியில் நின்றுபோனால் ஏற்றி வர, பின்னாலேயே ஒரு வெற்று வேன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹனுக்கு ஆள் பிரித்தபோது, முகம் பார்த்துப் பேசாத மச்சான்மார் இரண்டு பேரையும் மண்டபத்தின் எதிரெதிர் மூலைகளில் போட்டார்.

எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருந்தவரிடம் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மாற்று இல்லை. அது அவருடைய தொண்டை.

நிகாஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன்" என்று தகப்பன் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு கூட்டாளியின் மகள் கல்யாணத்துக்கு வெறும் விருந்தாளியாகப் போன இத்ரூஸ், இந்த வசனம் காதில் விழுந்ததும் ஏங்கி ஏங்கி அழுதார். இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் தம்புள்ளைக்குப் போவதற்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. லீக்ஸ் வாங்க வந்தவன்கூடக் கண்ணைத் துடைக்க லேஞ்சியை நீட்டிவிட்டுத்தான் விலை கேட்டான்.

"ஊரான்ட மகளுக்கே இப்படீன்டா, நம்மட மகளுக்கு நீங்க கல்யாண மண்டபத்த மய்யத்து வீடாக்கிப் போடுவீங்க," என்றாள் மனைவி நோனா.

இத்ரூஸுக்குச் சுருக்கென்றது. ஒரே பிள்ளை. அவளுடைய கல்யாணம் தன் தொண்டையில் சிக்கி, அத்தனை பேருக்கும் முன்னால் பாதியில் நின்றுவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தார். எந்தச் சாமானையும் ஏற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கிற மனுஷன் இதையும் சோதித்துப் பார்க்க முடிவெடுத்தார். முதலில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னார். பிறகு கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அழுகை வரவில்லைதான். ஆனாலும் கதவுக்குப் பெண் கொடுப்பது ஒரு பரீட்சையா? உயிருள்ள கை ஒன்று வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்குவளையில் உள்ள அவருடைய வீட்டில் பந்தல்காரரும் சமையல்காரரும் பேச்சுக்கு வந்திருந்தார்கள். வில்கமுவயிலிருந்து வந்த லொறியை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்கென்று ஒரு மூடை வட்டக்காயை, அதாவது பூசணிக்காயை, உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார் டிரைவர் ரவூப். இத்ரூஸே 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற அளவுக்கு மூத்தவர். முழங்கால் வலியும் ஜுனைதா என்ற மனைவியும் உள்ளவர்; இரண்டுக்கும் பயந்து நடப்பவர்.

"ரவூப் நானா, இங்க வந்து கொஞ்சம் மாப்புள மாதிரி ஒக்காருங்க."

"எனக்கு முழங்கால் மடங்காதே மொதலாளி."

"கதிரையில ஒக்காருங்க. எனக்குக் கை மட்டும் போதும்."

பந்தல்காரரும் சமையல்காரரும் சாட்சிகளாக இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சாமான் குறையக் கூடாதே என்று, பெண்ணுக்கு மணக்கொடையாக என்ன மஹர் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டார் இத்ரூஸ். ரவூப் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஒரு மூடை வட்டக்காய்."

எல்லாரும் சிரித்தார்கள். இத்ரூஸ் மட்டும் சிரிக்காமல் ரவூபின் கையைப் பிடித்து, சந்தையில் விலை சொல்கிற குரலில், ஒரு இடத்திலும் தட்டாமல் முழு வசனத்தையும் சொல்லி முடித்தார். "ஏத்துக்கிட்டேன்," என்றார் ரவூப். கையை விட்டுவிட்டு இத்ரூஸ் நெஞ்சை நிமிர்த்தினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை!

வாசலில் முத்தலிப் மௌலவி நின்றுகொண்டிருந்தார். நிகாஹ் நேரத்தைப் பற்றிப் பேச வந்தவர். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன செஞ்சீங்க மொதலாளி?"

"சும்மா பழகிப் பாத்தேன் ஹஸரத்."

"நிகாஹ்வுல சும்மா எங்க இரிக்கி? பகிடிக்குச் சென்னாலும் நிகாஹ் நிகாஹ்தான். வாப்பா இரிக்கிறீங்க, மாப்புள இரிக்கிறாரு, ரெண்டு சாட்சி இரிக்கி, மஹரும் இரிக்கி. இன்னும் என்ன வேணும்?"

எல்லாருக்கும் தேநீர் கொண்டு வந்த றிஸ்லா தட்டத்தோடு அப்படியே நின்றாள். "அப்ப நான் இப்ப ரவூப் மாமாட பொஞ்சாதியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தால்தான் அவளுக்குச் சிரிப்பு நிற்கும், சின்னதிலிருந்தே அப்படி.

மௌலவி பெரிய ஆலிம்கள் மூன்று பேருக்குப் போன் எடுத்தார். நடிப்புத்தானே, நிறைவேறாது என்றார் ஒருவர். நிறைவேறிவிட்டது என்றார் அடுத்தவர். மூன்றாமவர் மூடையின் நிறையைக் கேட்டார். கடைசியில், எதற்கும் ஒரு பேணுதலுக்காக ரவூப் ஒரு தலாக் சொல்லிவிடுவதே நல்லது என்று முடிவாயிற்று.

ரவூபுக்கு வேர்த்துவிட்டது. "பேரச் செல்லிச் செல்லுங்க நானா," என்று மௌலவி எச்சரித்தார். "வெறுமனே பொஞ்சாதின்டு சென்னா வீட்டுல உள்ளவவுக்கும் சேத்து விழுந்துரும்." விஷயம் கேள்விப்பட்டு முச்சக்கர வண்டியில் பறந்து வந்த ஜுனைதா, அந்தப் பேச்சைக் கேட்டதும் வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ரெயில் பாதையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். தலாக் தண்டவாளத்தைக் கடக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ரவூப் தண்ணீர் குடித்து, "றிஸ்லா, இத்ரூஸ்ட மகள் றிஸ்லா, உக்குவளை றிஸ்லா," என்று மூன்று விதமாக அடையாளம் சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

அதோடு முடிந்ததா? சேர்ந்து வாழாமல் பிரிந்ததால் பாதி மஹர் றிஸ்லாவுக்குச் சேர வேண்டும். வீட்டில் கிடந்த மூடை இத்ரூஸுடையது என்பதால் ரவூப் கடைக்குப் போய் அரை மூடை வட்டக்காய் வாங்கி வந்தார். வீட்டில் இப்போது ஒன்றரை மூடை.

"இன்னொரு விஷயம்," என்றார் மௌலவி. "மகள் போனாலும் மாமி போக மாட்டாங்க. நோனா ஒங்களுக்கு மவுத்து வரைக்கும் மாமிதான்."

தன்னைவிடப் பத்து வயது இளைய மாமியை ரவூப் மரியாதையோடு பார்த்தார். அடுத்த நாளிலிருந்து தம்புள்ளைச் சந்தை நடுவே இத்ரூஸை "மாமா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

கல்யாணத்தன்று கரண்ட் போகவில்லை. மாப்பிள்ளையின் கார் நிற்கவில்லை. இரண்டு ஜெனரேட்டரும் வெற்று வேனும் வெயிலில் சும்மா கிடந்தன. மேடையில் சாட்சிகளில் ஒருவராக ரவூப் உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு றிஸ்லா. இத்ரூஸின் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, "செல்லுங்க," என்றார் மௌலவி.

இத்ரூஸ் றினோஸின் கையைப் பிடித்தார். வாயைத் திறந்தார். கதவுக்குச் சொன்ன வசனம், ரவூபுக்குச் சொன்ன வசனம், ஒரு சொல்கூட வரவில்லை.

"வக்காலத்துத் தாங்க மொதலாளி. ஒங்களுக்காக நான் செல்றேன்," என்றார் மௌலவி மெதுவாக.

இவ்வளவு லேசான மாற்று ஒன்று இருந்திருக்கிறது, இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லை. ஆனால் இத்ரூஸ் மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சொல்லுக்குச் சொல் நின்று நின்று, முழுவதையும் அவரே சொன்னார். றினோஸும் கலங்கிப் போய், "ஏத்துக்கிட்டேன்," என்றான். சாட்சிகள் தலையசைத்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. இத்ரூஸ் கையை மட்டும் விடவில்லை.

ரவூப் குனிந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். "கைய விடுங்க மாமா. என்ட கைய ஒடனே விட்டீங்களே."

"நீங்க மகளக் கூட்டிப் போக மாட்டீங்கன்டு தெரியும் நானா," என்றார் இத்ரூஸ்.

மைக் அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து, நடுவில் உடைந்து, விக்கலில் போய் முடிந்தது. அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இத்ரூஸ் கையை விட்டார்.