வராதவளைப் பற்றி ஒன்பது செய்திகள்

...ஒன்பது நாளா, ஒன்பது நாளாகவா வரவில்லை, ஆபீஸ் கிளார்க் வேறு யாருடைய விடுப்புக் கடிதத்தையோ தப்பாகக் கொண்டுவந்து நீட்டியிருப்பார், அவருக்கு இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒன்றுதான்... இல்லை, பெயர், பிரிவு, டாக்டர் கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது, மஞ்சள் காமாலை, போன வாரம் திங்கட்கிழமையிலிருந்து படுக்கை, என் வகுப்புதான், மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். அப்படியானால் நேற்று ரப்பரை இரண்டாக உடைத்துப் பக்கத்தில் இருந்தவனுக்குப் பாதி கொடுத்தது யார்? நான் பார்த்தேனே, பார்த்துவிட்டுத்தானே அவள் அம்மாவுக்கு எழுதினேன்... பார்த்தேனா? "அந்தம்மா மூணரைக்கு உங்களப் பாக்கணுமாம் மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கிளார்க் போய்விட்டார். வேலை போனால் போகட்டும், அதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை, அந்த ரப்பர்தான் மண்டையைக் குடைகிறது.

தலைமையாசிரியையின் உத்தரவு, தினமும் மூன்று மணிக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு வரி, போனில். சொல்லிவிட்டுப் போய்விட்டார் மகராசி, முப்பத்தொரு வரிக்கு நான் எங்கே போவேன், அடங்காதவனுக்குச் 'சுறுசுறுப்பு', தூங்குமூஞ்சிக்கு 'அமைதி', ஆளை மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றுவேன், வருகைப் பதிவும் அதே கதைதான், வகுப்புத் தலைவி "எல்லாரும் வந்தாச்சு மிஸ்" என்று கத்துவாள், நான் வரிசையாக டிக் அடித்துவிடுவேன். எழுதியதற்குப் பெற்றோர்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவார்கள், அவ்வளவுதான். இந்த அம்மா மட்டும் பதில் எழுதினார், 'அப்படியா மிஸ்! அப்புறம்?' என்று. அந்த அப்புறத்தில்தான் விழுந்தேன். யாராவது அப்புறம் என்று கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று... தினமும் அவளைப் பற்றி எழுதினேன், பகலில் நிலா ஏன் தெரிகிறது என்று கேட்டாள், விழுந்த பல்லைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தாள், நான் தும்மியபோது தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எழுத எழுத நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பாட்டிலின் மூடி பச்சை, அது எனக்கு எப்படித் தெரியும்?

வகுப்புத் தலைவியை, நான் பெரிய மனுஷி என்று கூப்பிடுகிறவளை, மேஜைக்கு அழைத்தேன். ஜன்னல் ஓரத்தில் யார் உட்காருகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். இதுகூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள். "அங்க யாரும் இல்ல மிஸ். அவளுக்கு உடம்பு சரியில்லையே. நீங்கதான் அங்க பாத்துப் பாத்து சிரிப்பீங்க." பின்னே ஏன் எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னாய் என்று அதட்டினேன். "நீங்க அந்தப் பக்கம் பாத்து குட்மார்னிங் சொன்னீங்களே" என்றாள். முதுகு சில்லிட்டது. மின்விசிறியைக் குறைக்கச் சொன்னேன், அது ஓடவே இல்லை என்றார்கள்.

பெல் அடித்தது, பிள்ளைகள் போனார்கள், அந்த அம்மா வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையால் தடுத்துவிட்டார். "கோவமெல்லாம் இல்ல மிஸ். மொத நாள் நீங்க எழுதினதப் பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டினப்ப ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், மிஸ் ஆளை மாத்திட்டாங்கன்னு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்... படிக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். இப்ப காமாலை இறங்கிடுச்சு, திங்கக்கிழமை போலாம்னா பாப்பா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. என் இடத்துல ஒருத்தி உக்காந்துட்டா, மிஸ்ஸுக்கு அவளைத்தான் பிடிக்கும்னு சொல்றா. அவ என்னைவிட நல்ல பொண்ணாம்மான்னு கேக்கறா." பையிலிருந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. அந்தப் பொண்ணு போயிட்டா, இனிமே வரமாட்டான்னு நீங்க ஒரு வரி எழுதிடுங்க."

ஒரு வரிதானே, எத்தனையோ பொய் எழுதிய கை, இந்த ஒன்றை மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறது... வீட்டில் படுத்திருக்கும் குழந்தையை நினைத்துக்கொண்டால் எழுதிவிடலாம் என்று பார்த்தேன், அவள் முகம் வரவே இல்லை, ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் இருந்தவள், ஒற்றைப் பின்னலா இரட்டைப் பின்னலா, தெரியவில்லை. மற்றவளோ பல் போன இடம் வரைக்கும் தெரிகிறாள். எழுதினேன். அனுப்பினேன். அந்த அம்மாவின் கையில் போன் அதிர்ந்தது, படித்தார், தலையை ஆட்டினார், வாசல்வரை போனவர் நின்றார்.

"போறதுக்கு முன்னாடி என்ன பண்ணா மிஸ்?"

"பென்சில் டப்பாவை எடுத்து வச்சுக்கிட்டா. அழல" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை அந்த ஜன்னல் ஓரத்தில் ஒரு குழந்தை வந்து உட்காரும், பாவம், நோயிலிருந்து எழுந்த குழந்தை, அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரக்கூடாது... வருமோ?