பெரிய சக்கரம்

சின்னச் சக்கரமா பெரிய சக்கரமா என்பதில் வந்து நின்றது பேச்சு. ஜாலான் புசார் சாலையில் மருத்துவச் சாமான் விற்கும் அந்தக் கடையின் நடுவில், கடைக்காரர் நாகூர் கனி இரண்டு வீல்சேர்களை விரித்து அருகருகே நிறுத்தியிருந்தார். இரண்டும் மடக்குகிற வகைதான். ஒன்றுக்கு நான்கு சக்கரமும் குழந்தை வண்டியுடையது போலச் சின்னது. யாராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் நகரும். மற்றதற்குப் பின்சக்கரங்கள் இரண்டும் பெரியவை. உட்கார்ந்திருப்பவர் சக்கரத்தை ஒட்டிய வளையத்தைப் பிடித்துத் தானே உருட்டிக்கொண்டு போகலாம். ரத்னவேல் சின்னச் சக்கரத்தை மடக்கித் தூக்கினான். ஒரே கையில் வந்துவிட்டது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவன் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது.

"பார்த்தீங்களா அண்ணே, ஏர்போர்ட்டுக்குப் பெட்டி தூக்குற மாதிரி. கார் பூட்ல ஒரு ஓரமா வச்சிட்டு, மிச்ச இடத்துல மார்க்கெட் சாமானும் வைக்கலாம் லா" என்றார் கனி.

"சீட்டும் மெத்துனு இருக்கு. உட்கார்ந்து பாரு உமா" என்று மனைவியிடம் சொன்னான் ரத்னவேல்.

உமாமகேஸ்வரி அவன் காட்டிய சீட்டைப் பார்க்கவில்லை. தொண்டூழியர்களிடம் இரவல் வாங்கிய பழைய வீல்சேரில் உட்கார்ந்தபடி, பெரிய சக்கரத்தின் வளையத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இரவல் சேரும் சின்னச் சக்கரம்தான். கனி அவள் பார்வையைக் கவனித்துவிட்டு, "அது வெயிட்டு அக்கா. ஆனா உட்கார்றதுக்கு அதுதான் சொகம். முதுகுக்கு நல்லா தாங்கும்" என்றார். ரத்னவேல் குனிந்து அதையும் மடக்கித் தூக்கினான். முட்டி வரை வந்ததும் இடுப்புக்கு மேலே எப்போதும் வலிக்கும் அந்த இடத்தில் சுருக்கென்று பிடித்தது. மெல்லக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் ஆகாதவன் போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டான். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

போன வருடம் அவள் முதுகுத்தண்டை ஒட்டியிருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, கால்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ரத்னவேல் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். கட்டிலிலிருந்து எப்படி மாற்றுவது, எப்படிக் குளிப்பாட்டுவது, புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது. வாடகைக் கார் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டான். ஓட்டி ஓட்டி ஏற்கெனவே தேய்ந்திருந்த முதுகு இன்னும் மோசமானது. அதைப் பற்றி அவன் யாரிடமும் அலுத்துக்கொண்டதில்லை. அவனை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. ஒருநாள் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே சரிவுப் பாதையில், பிரேக் சரியாக விழாமல், வீல்சேர் அவன் கையைவிட்டு நழுவி ஓடியது. சிறிது தூரம்தான், கம்பித் தடுப்பில் இடித்து நின்றுவிட்டது. அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். அவனுக்கு இன்னமும் கண்ணை மூடினால் அவள் முதுகு தன்னைவிட்டு விலகிப் போவது தெரியும்.

அதன் பிறகும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தேக்கா சந்தைக்குப் போய்வந்த அந்த ஞாயிறுதான் கடைசி. அங்கே உணவங்காடியில் அவளை ஒரு மேசையில் விட்டுவிட்டு, நிறுத்திய இடத்துக்கு அபராதச் சம்மன் வந்துவிடும் என்று காரை மாற்றி நிறுத்தப் போனான். நெரிசலில் மாட்டித் திரும்பி வர நேரமாகிவிட்டது. தோசை வேண்டாம் என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள். அதற்கப்புறம் மூன்று வாரம் வாசலைத் தாண்டவில்லை. தாமதத்துக்கு இவ்வளவு கோபமா என்று அவனுக்கும் கோபம் வந்தது. புது வீல்சேர் வாங்கலாம் என்றபோது மட்டும்தான், சரி, வருகிறேன் என்றாள்.

கனி கைபேசி அடித்ததைச் சாக்கிட்டு உள்பக்கம் போனார். ரத்னவேல் குரலைத் தாழ்த்தினான்.

"எங்க போகணும்னாலும் நான் தள்ளிட்டுப் போறேன்ல? இவ்வளவு கனம் எதுக்கு?"

"நீங்க இல்லாதப்ப?"

"நான் இல்லாதப்ப நீ எங்க போகப் போற?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எப்படி விழுந்தது என்று அவனுக்கே உறைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சை வேறு பக்கம் இழுக்க, "என் முதுகு உனக்குத் தெரியும். இத ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏத்தி இறக்குறது?" என்றான்.

"தெரியும். தெரிஞ்சதுனாலதான் மூணு வாரமா வாயத் தொறக்கல."

உள்ளேயிருந்து வந்த கனி இருவர் முகத்தையும் பார்த்துத் தயங்கினார். உமா அவரிடம், "பாய், அத ஒரு தடவ உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று பெரிய சக்கரத்தைக் காட்டினாள். ரத்னவேல்தான் தூக்கி மாற்றினான். கோபத்திலும் அவன் கைகள் பதமாகவே இருந்தன. பாவாடை சுருண்டிருந்ததை நீவிவிட்டு, பாதங்களை ஒவ்வொன்றாகப் பலகையில் எடுத்து வைத்தான். அவள் வளையங்களைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். வீல்சேர் முன்னால் போனது. ஒரு கையை நிறுத்தி மறு கையைத் தள்ளினாள். திரும்பியது. ஊன்றுகோல்கள் அடுக்கிய சுவர் வரை போய், அங்கே திரும்பி, வாசலைப் பார்த்து நின்றாள்.

"அக்கா கையில நல்ல பலம்."

"இருபது வருஷம் புடவைக் கடையில விரிச்சு மடிச்ச கை, பாய். வெளிய ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?"

"தாராளமா."

ரத்னவேல் கைப்பிடியை நோக்கி எட்டு வைத்தான். "பிடிக்காதீங்க" என்றாள். அந்நிய மனிதர் முன்னால் அப்படிச் சொன்னது அவனைச் சுட்டது. போகட்டும் என்று நின்றுவிட்டான். சின்னச் சக்கரத்தை மறுபடி விரித்தான், மடக்கினான். கனி ஏதோ உத்தரவாதம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை. வாசலில் லாரி ஒன்று பின்னோக்கி நகரும் கூவல் கேட்டதும்தான் தலையைத் தூக்கினான்.

கடை முன்னாலிருந்த ஐந்தடிப் பாதையில் அவள் இல்லை. இடது பக்கம் அடுத்த கடைக்காரர் கழிப்பறைப் பீங்கான்களையும் குழாய்களையும் வழிநெடுக அடுக்கியிருந்தார். அந்தப் பக்கம் ஆள் நடந்து போகவே இடமில்லை. வலது பக்கம் ஓடினான். ஒரு படி, பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள், பிறகு ஆணிப் பெட்டிகள். இவற்றைத் தாண்டி எப்படிப் போயிருப்பாள்? கைபேசியில் அழைத்தான். அவள் கைபேசி கடைக்குள் அடிப்பது பின்னாலிருந்து கேட்டது. பழைய வீல்சேரில் மாட்டிய பைக்குள்ளேயே அது இருந்தது. கடை முன்னாலிருந்த சரிவில் சாலை ஓரத்துக்கு இறங்கிப் போயிருப்பாளோ என்று அவனும் இறங்கினான். ஒரு பேருந்து அவன் தோளை உரசுவது போலக் கடந்தது. அது போனதும் சாலை தெரிந்தது. சந்திப்பில் பாதசாரிகள் கடக்கும் இடம் தெரிந்தது. அதன் நடுவில் அவள் தெரிந்தாள்.

நகரவில்லை. சாலையைத் தோண்டி மூடிய தார் ஒட்டு அங்கே ஒரு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. முன்பக்கச் சின்னச் சக்கரம் ஒன்று அதில் இறங்கியிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் தள்ளத் தள்ள வீல்சேர் பக்கவாட்டில் கோணியது. பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிட்டான். கூடக் கடந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முதல் வரிசையில், பின்னால் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்த லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

ரத்னவேல் ஓடினான். இடுப்பில் வலி குத்தியது, ஓடினான். "அக்கா, பார்த்து!" என்று லாரியின் மேலிருந்து யாரோ தமிழில் கத்தினார்கள். விளக்கு சிவப்புக்கு மாறியது. அவன் கைகள் கைப்பிடிக்குப் போயின.

"கைய வைக்காதீங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். குரல் கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. கைகள் அப்படியே நின்றன. ஒரே தள்ளு, சிக்கலே தீர்ந்துவிடும். லாரி ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னாலிருந்து இன்னொன்று. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய், லாரிக்கும் அவளுக்கும் நடுவே நின்று, இரண்டு கைகளையும் தூக்கினான். லாரிக்காரர் கண்ணாடியை இறக்கிச் சீன மொழியில் ஏதோ கேட்டார். "சாரி, சாரி, ஒன் மினிட்" என்றான். பின்னால் அவள் மூச்சு கேட்டது. வளையத்தில் உள்ளங்கை வழுக்குவது கேட்டது. பின்னுக்கு இழுக்கிறாள், மறுபடி கோணுகிறது, மறுபடி இழுக்கிறாள். திரும்பிப் பார்த்தால் தள்ளிவிடுவோம் என்று பயந்து லாரியின் எண் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடக்கென்று ஒரு சத்தம். பிறகு ரப்பர் உருளும் சத்தம். அது தூரப் போகும்வரை கையை இறக்கவில்லை.

எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த கடை ஒன்றின் முன்னால் அவள் நின்றிருந்தாள். மூச்சு இரைத்தது. உள்ளங்கைகள் அழுக்கேறிச் சிவந்திருந்தன. அவன் கத்தினான்.

"செத்துருப்ப! தெரியுதா? அந்த லாரிக்காரன் பார்க்கலேன்னா செத்துருப்ப!"

"ஆமா" என்றாள். உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு தேக்காவுல நீங்க கார மாத்தி நிறுத்தப் போனீங்கள்ல" என்றாள்.

"ஜாம் உமா. ரோடு முழுக்க—"

"ஜாம் பத்திச் சொல்லல. இடம் பிடிக்க மேசையில போடலாம்னு டிஷ்யூ பாக்கெட் வாங்கிக் கொடுத்தீங்க. மடியில வச்சிருந்தேன். ஒரு சீன அங்கிள் வந்தாரு. ஒரு பாக்கெட்ட எடுத்தாரு. ரெண்டு வெள்ளி நோட்ட மடியில வச்சிட்டுப் போயிட்டாரு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. உணவங்காடிகளில் வீல்சேரில் உட்கார்ந்து டிஷ்யூ விற்பவர்கள் நினைவுக்கு வந்ததும் புரிந்தது. அவனே எத்தனையோ முறை அப்படி வாங்கியிருக்கிறான், முகத்தைப் பார்க்காமல்.

"அங்கிள், அங்கிள்னு கூப்பிட்டேன். பரவால்லன்னு கைய ஆட்டிக்கிட்டே போறாரு. பின்னாடி போய்க் கொடுக்கலாம்னா நகர முடியல. ஃபேன் காத்துல நோட்டு கீழ விழுந்துச்சு. சரி, போகட்டும்னு விட்டேன். மேசை தொடைக்கிற ஆன்ட்டி பார்த்துட்டு, அத எடுத்து மறுபடியும் என் மடியிலயே வச்சாங்க. கையத் தட்டிக் கொடுத்துட்டுப் போனாங்க." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. "எல்லாரும் நல்லவங்கங்க. யார்மேல கோவப்படறதுன்னே தெரியல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அடுத்த தடவ என்ன விட்டு ஒரு அடி நகர மாட்டீங்க. அதுவா நான் கேக்குறது?"

அவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் நாகூர் கனி கடை வாசலில் நின்று கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்காத சரக்கு வீதி தாண்டிப் போனதில் அவருக்கும் பதற்றம். உமா அவருக்குக் கையசைத்தாள். பிறகு ரத்னவேலிடம் மெதுவாக, "உங்க முதுகு படுத்துட்டா நமக்கு ஒண்ணும் இல்ல. அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் யாராவது ஒருத்தருக்கு வலிக்குது" என்றாள்.

திரும்பிக் கடக்கும்போது பொத்தானை அவளே அழுத்தினாள். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். கடைக்குள் நுழைந்தார்கள். "பெருசு" என்றான் ரத்னவேல். கனி தலையாட்டிவிட்டு, அழுக்கான டயர்களைத் துடைக்கத் துணி எடுத்து வந்தார். வேண்டாம் என்று உமா சொல்லிவிட்டாள். பழைய சேரைத் திருப்பிக் கொடுக்கும்வரை கடையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள்.

கார் பின் சந்தில் நின்றிருந்தது. அவளை முன்னிருக்கைக்கு மாற்றி, பெல்ட் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, அவன் பின்னால் வந்து காரின் பின்பெட்டியைத் திறந்தான். உள்ளே கிடந்த மார்க்கெட் கூடையை எடுத்து வெளியே வைத்தான். வீல்சேரை மடக்கினான். முதலில் படுக்கை வசமாக வைத்துப் பார்த்தான். ஒரு சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே எடுத்து, பின்பெட்டியின் மேல் தட்டைக் கழற்றி, மறுபடி தூக்கினான். பெட்டியின் விளிம்பு வரை வந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை விடவில்லை. முன்னாலும் போக முடியாமல், கீழேயும் வைக்க முடியாமல், வீல்சேரை மார்போடு அணைத்தபடி பாதி குனிந்து நின்றான். பின்பெட்டியின் திறந்த மூடி மறைத்ததில் அவளுக்கு அவன் தெரிய மாட்டான்.

"போகுதாங்க?" என்று முன்னிருக்கையிலிருந்து கேட்டாள்.

"இரு."

ஜாலான் புசார் அழுக்கு அவன் வெள்ளைச் சட்டையில் வளைவாகப் பதிந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்காக அவன் காத்து நின்றபோது, மேலே தூக்கிய பெரிய சக்கரம் ஒன்று, எதையும் தொடாமல், அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.