தேய்த்தால் அடங்கும்

எங்கள் சலவைக் கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள். "பேன்ட்ட மாட்டிக்கிட்டு உக்காரவே பயமா இருக்குங்க. மடிப்பு நாற்காலியைக் கிழிச்சிடும் போல!"

அந்த மடிப்பு என் தங்கையின் கைவேலை. ஐம்பதைத் தாண்டியும், வீட்டை ஒட்டிய கடையின் பின்னறையில் நின்றே தேய்த்தாள். எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா.

அவள் உடம்பின் கணக்கே வேறு. உடுப்பில் தைத்த லேபிள் கழுத்தில் உரசினால் அலறுவாள். இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் சுட்டுக் கொப்புளம் கிளம்பினாலும் ஒரு சொல் வராது. மெல்லத் தொட்டால் துடிப்பாள். அழுத்திப் பிடித்தால் அமைதியாவாள். நாற்பது வயதுக்கு மேல்தான் ஒரு மருத்துவர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பெயர் எதுவானால் என்ன, எங்கள் வீட்டுப் பெண். எங்கள் அப்பா பல் பிடுங்கியபோதுகூட முனகாதவர். "வலி தாங்குற ரத்தம் எங்களோடது" என்று நாலு பேர் முன்னால் நான் சொல்வது வழக்கம்.

ஒரு நாள், என் மகளை மருமகளாகக் கேட்டு ஒரு குடும்பம் பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. என் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்னங்க, உங்க தங்கச்சி கொஞ்ச நேரம் கடையிலயே இருக்கட்டுமே. சத்தம் கித்தம் போட்டுட்டா?"

"அவ ஹால்லதான் உக்காருவா. ஒளிச்சு வைக்கிற சாமான் எதுவும் இந்த வீட்டுல இல்ல."

தங்கை காலையிலிருந்து ஒரு வெள்ளை மேசை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பாள், உதறுவாள், மறுபடி விரிப்பாள்.

"பாத்தியா, வர்றவங்களுக்காக எவ்ளோ அக்கறை!" என்றேன்.

"அத்தை டீயைத் தொடவே இல்லப்பா" என்றாள் மகள்.

"வேலை மும்முரம்மா."

வந்தவர்கள் நல்லவர்கள்தான். பையனின் தாயார் அன்பாகத்தான் தங்கையின் தோளைத் தடவினார். தங்கை வீறிட்டாள். டம்ளர் உருண்டது. அந்த அம்மாளின் கணவர் தொண்டையைச் செருமினார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"மெதுவாத் தொட்டா அவளுக்கு வலிக்கும். அழுத்திப் பிடிச்சா வலிக்காது. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லீங்க." குரலை இறக்காமல் சொன்னேன்.

தங்கை எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள். சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது. மகள் ஓடினாள், நானும் போனேன். விரிப்பு பழுப்பேறிப் புகைந்தது. இஸ்திரிப் பெட்டியின்மேல் முழு உடம்பையும் சாய்த்துத் தங்கை அழுத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நெற்றி மட்டும் கொதித்தது. மகள் அத்தையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"அப்பா, பலகை மாதிரி இருக்கு."

குடல்வால் வெடித்துவிட்டது, சீழ் ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரியில் பார்த்த மருத்துவர். இளையவர், கோபத்தை மறைக்கத் தெரியவில்லை.

"ரெண்டு மூணு நாளாவே துடிச்சிருப்பாங்களே. வீட்டுல யாருமே பாக்கலையா?"

"எங்க வீட்டுல யாரையும் கவனிக்காம விட்டதில்ல டாக்டர்."

அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "வலிச்சுதாம்மா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"தேய்ச்சா அடங்கும்" என்றாள், கூரையைப் பார்த்தபடி. "இந்தத் தடவை அடங்கல."

இந்தத் தடவை. அப்படியானால் மற்ற தடவைகள்? ஒரே போர்வையை அவள் நாள் முழுக்கத் தேய்த்ததும், அதைக் கடைவாசலில் நின்று நான் பெருமை பேசியதும் நினைவில் அடுக்கடுக்காக எழுந்தன.

அறுவை சிகிச்சைக்கு அறை தயாராகவில்லை. வார்டில் காத்திருந்தோம். அவள் விரல்கள் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தன.

"இப்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணா."

"வயிறா?"

"லைட்டு."

தலைக்கு மேலே குழல் விளக்கு இரைந்துகொண்டு துடித்தது. நர்ஸிடம் போய்க் கேட்டேன். அணைக்க முடியாது பெரியவரே, மற்ற நோயாளிகளும் இருக்கிறார்கள் என்றார்.

முழுக்கைச் சட்டை இல்லாமல் என்னை வெளியாள் எவரும் பார்த்ததில்லை. பொத்தான்களைக் கழற்றினேன். அவளே தேய்த்த சட்டை. லேபிள் தோலில் படாதபடி மடித்து அவள் கண்களின்மேல் வைத்தேன். இரண்டு தோள்களையும் அழுத்திப் பிடித்தேன்.

"இன்னும்" என்றாள்.

இன்னும் அழுத்தினேன். விரல்கள் நீவுவதை நிறுத்தின.

பையன் வீட்டார் வார்டு வாசலில் வந்து நின்றார்கள். பனியனோடு இருந்தேன். எழுந்திருக்கவில்லை. கையை எடுத்தால் அவளுக்கு வலிக்கும்.

அறுவை சிகிச்சை அறையிலிருந்து தங்கை உயிரோடு திரும்பவில்லை. நர்ஸ் என் சட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். உதறாமல், நீவாமல், கசங்கியது கசங்கியபடியே போட்டுக்கொண்டு தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன்.