இடையில் எங்கும் நிற்காது

"டிவிய அந்தப் பக்கம் நகர்த்துங்கப்பா, கட்டில நடுவுல போடணும்" என்று மாடிவீட்டு டீச்சர் உத்தரவு போட்டார். பெட்டியின் முதுகில் கை வைத்த எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னண்ணே, இப்படிக் கொதிக்குது?"

"நியூஸ் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றான் அந்த வீட்டு மகன்.

"ரெண்டு ரெண்டரைக்கு எந்த நியூஸு?"

அவன் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான். பின்னறைக் கதவில் இடித்து, ஒரு சுற்று திரும்பி, டிவி உள்ளே போயிற்று. கூடத்தில் அவன் அப்பா கண் மூடிப் படுத்திருந்தார். டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டதென்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. தினமும் மதியம் ஒன்றரைக்குச் சற்று முன்பு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பத்து நிமிஷ நடையை ஆறு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வீடு சேருவான். வயசான அப்பாவுக்குச் சாப்பாடு போடப் பறந்து வருகிற பிள்ளை என்று தெரு மெச்சியிருக்கும். ஆனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் பாட்டுச் சத்தமும் அடங்கிவிடுமா என்ன? ஒன்றரை அடித்தால் ஒரு டிவி தொடரின் முகப்புப் பாட்டு திரையைத் தாண்டி ஆறு வீட்டுக்குக் கேட்கும். பதினோரு வருஷமாக இரண்டு ஆம்பிளைகள் கதவைச் சாத்திக்கொண்டு ஓரகத்தி சண்டை பார்க்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது தெரியாத ஒரே வீடு அவர்கள் வீடுதான்.

அப்பா பஸ் டிரைவர். ஸ்டியரிங்கை விட்டுப் பதினாறு வருஷமாகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். வண்டி ஓடும்போது டிரைவரிடம் யாரும் பேசக்கூடாது என்ற சட்டத்தைப் பணி ஓய்வின்போது வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னாளில் தொடருக்குப் பொருத்திவிட்டார். விளம்பரம் வரும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. அந்த வீட்டில் விளம்பரத்துக்குப் பெயரே ஸ்டாப்பிங். தண்ணீர் வேண்டுமா, ஸ்டாப்பிங்கில் கேள். பாத்ரூமா, ஸ்டாப்பிங் வரட்டும். இன்று அந்தத் தொடரின் கடைசி நாள்.

நாலு மணிக்கு அக்கா வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். பிறகு பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்த கையை விட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எப்படிடா?"

"தூக்கத்துல போயிட்டாருக்கா. நியூஸ் பாத்துக்கிட்டே தூங்கினாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"வேர்த்துச்சா? நெஞ்ச கிஞ்சப் பிடிச்சாரா?"

"இல்லக்கா."

"ஒரு சத்தம்கூடக் குடுக்கலியா?"

"இல்லக்கா."

இரண்டு இல்லக்கா எழுபத்துநாலு வருஷ ஆயுளை முடித்துவைத்தது. அக்கா தலையை ஆட்டினாள். "புண்ணியம்" என்றாள். "நீ பக்கத்துல இருந்தியே, அது போதும்."

அதற்குமேல் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் கால்மாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அப்பாவை நினைக்கத்தான் முயன்றான். அவர் தோளில் உட்கார்ந்து பணிமனை பார்த்ததை நினைத்தான். அம்மா போன அன்று அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றதை நினைத்தான். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம்தான் தாக்குப்பிடித்தது. மனசு வழுக்கி, திரும்பத் திரும்ப மூத்தவளின் வாசலில் போய் நின்றது.

மூத்தவள் என்றால் தொடரின் கதாநாயகி. முதல் வாரத்திலேயே ஓரகத்தி அவளைக் கைக்குழந்தையோடு வெளியே தள்ளினாள். பதினோரு வருஷம் கோர்ட், கேஸ், காணாமல் போன உயில். கடைசியில் வீடு மூத்தவளுக்கு, நடுத்தெரு ஓரகத்திக்கு. ஓரகத்தி வந்து வாசலில் நிற்கிறாள். மன்னிப்பாளா, மாட்டாளா? மாட்டாள் என்பது அப்பாவின் கட்சி. "மன்னிச்சா அவ மனுஷியே இல்லடா" என்பார். மன்னிப்பாள் என்று இவன் சாதிப்பான். இரண்டு பேரும் ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் அடித்துக்கொண்ட சண்டைக்கு இன்று தீர்ப்பு.

தீர்ப்பு வந்ததா என்றே அவனுக்கு விளங்கவில்லை. மூத்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலை அடைத்து நின்றவள் அரையடி விலகினாள். அதோடு பேர் போட்டுவிட்டார்கள். இதற்கா பதினோரு வருஷம்? ஓரகத்தி உள்ளே வந்தாளா என்றாவது காட்டியிருக்க வேண்டாமா? அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு கதாசிரியர்மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தபோது அவனுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. குனிந்து தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டான்.

வாசலோரம் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் தாழ்த்திய குரல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும்.

"நான் முழுசாப் பாக்கல டீச்சர்" என்றாள் எலெக்ட்ரீஷியன் மனைவி. "பாப்பா எழுந்துட்டா. கடைசியில என்னாச்சு?"

"என்னாகும்?" என்றார் டீச்சர். "ஓரகத்தி அழுதா. இவ ஓடிப் போய் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. எல்லாத்தையும் மன்னிச்சுட்டா, சுபம்."

"கட்டிப் பிடிக்கல" என்றான் அவன்.

நன்றாக உரக்கவே வந்துவிட்டது. கூடமே திரும்பியது. வாயை மூடியிருக்கலாம், மூடவில்லை. பதினோரு வருஷம் வெளியில் யாரிடமும் பேசாத விஷயம், அடைப்பு எடுத்த குழாய் மாதிரி தானாக ஓடியது.

"கட்டிப் பிடிக்கவே இல்ல. மன்னிச்சேன்னும் சொல்லல. வழிய விட்டுக் கொஞ்சம் விலகி நின்னா, அவ்வளவுதான். நீங்க அடுப்படிக்குப் போயிருப்பீங்க டீச்சர்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அக்கா எழுந்து பின்னறைக்குப் போனாள். போகிறபோது அவனைப் பார்த்த பார்வையில் அவனும் பின்னாலேயே போனான். டிவி தரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"நியூஸ்னு சொன்ன?"

அவன் குனிந்து டிவி வயரைச் சுருட்டினான்.

"நாடகம் பாத்தா பாத்தோம்னு சொல்லேன்டா. அதுல என்ன இருக்கு? அப்பா ஃபோன்ல அத என்கிட்ட கதை கதையாச் சொல்லுவாரு."

அவனுக்கு இது புதுச் செய்தி.

"பொய் சொல்ற அளவுக்கு என்ன ஆச்சு?"

"தட்டினாரு" என்றான் அவன்.

"யாரு?"

"அப்பா. கட்டில் சட்டத்துல."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் டிரைவர் மகள்.

"எத்தனை தட்டு?"

பஸ்ஸில் இரண்டு தட்டு என்றால் கிளம்பலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. நடக்கப் பழகும் முன்பே இரண்டு பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு."

"எப்போ?"

"ரெண்டு மணி இருக்கும். ஓரகத்தி தெருமுனைக்கு வந்துட்டா. நான் திரும்பல. ஸ்டாப்பிங் வரட்டும்பான்னு சொன்னேன். அப்புறம் அவர் தட்டல." சுருட்டிய வயரைக் கீழே விட்டான். "ஒரு வாரமா டிவில சொல்லிக்கிட்டே இருந்தாங்கக்கா. கடைசி நாள் ஒரு மணி நேரம் விளம்பரமே கிடையாதுன்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

வெளியே யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சதும் திரும்பினேன். இது மன்னிச்சதாப்பா இல்லையான்னு அவர்கிட்ட கேட்டேன்."

ரெண்டு மணிக்கும் ரெண்டரைக்கும் நடுவில் ஒரு மனிதனுக்கு என்னென்ன செய்யலாம் என்று அக்காவுக்கு மனப்பாடம். ஊசியின் பெயர் முதற்கொண்டு சொல்வாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த டம்ளர்கள் தொட்டியில் குவிந்து கிடந்தன. அவள் குழாயைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள். அவன் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான், கையை நீட்டினான். அவள் கழுவிய டம்ளரை அந்தக் கையில் கொடுக்கவில்லை. கையைத் தாண்டி மேடையின்மேல் வைத்தாள். அவன் அதை எடுத்துத் துடைத்தான். அடுத்ததையும் அவள் மேடையிலேயே வைத்தாள்.