பறித்த கை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் தீனே காரைக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டான். ஏப்ரல் பாதி கடந்திருந்தது. மூன்று வாரம் விடாமல் பெய்த மழை வியாழக்கிழமைதான் ஓய்ந்திருந்தது. அப்படி ஒரு வெயில் அடிக்கிற நாளில் லோகா ஊரில் வீட்டுக்குள் கிடப்பவன் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை சோம்பேறியாக இருக்க வேண்டும்.

அல்பினா வெளியே வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இரண்டு நாள் முன்னால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.

"என்னக்கா, ஒரு பக்கத்துக்கு மட்டும் சோறு போட்டு வளத்துட்டே போல," என்றான் தீனே.

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு. பேசினா வலிக்குது."

"அப்ப இன்னிக்கு ஊரே நிம்மதியா இருக்கும்," என்றாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நெவென்கா.

தீனே நெவென்காவின் புருஷன். அல்பினாவுக்கு நான்கு வயது இளைய தம்பி. மின்கம்பிகள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். அல்பினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைத்துப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றிருந்தாள். குடும்பம் என்று அவளுக்கு இருந்தது இந்த இருவரும், இவர்களுடைய ஒரே மகள் உர்ஷாவும்தான். உர்ஷா எல்லைக்கு அந்தப் பக்கம் கிராட்ஸ் நகரத்தில் ஓர் ஆஸ்திரியனைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

வசந்தம் வந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுப்பூண்டுக் கீரை பறிக்காமல் கை சும்மா இருக்காது. ஓடைக்கு மேலே மரங்களின் அடியில் பச்சைப் பாய் விரித்ததுபோல் முளைத்துக் கிடக்கும். தீனே ஓடைக்கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, ரேடியோவில் கால்பந்து வர்ணனையைக் கேட்டபடி உட்கார்ந்துவிட்டான். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு துணிப்பையோடு மேலே ஏறினார்கள்.

அந்தக் கீரையில் ஒரு கண்டம் உண்டு. அதே இலை மாதிரி இன்னொரு செடி ஈரமான புல்வெளியில் முளைக்கும். இலையுதிர் காலத்தில் ஊதாப் பூ பூக்கும்; வசந்தத்தில் வெறும் இலை மட்டும்தான். நம் கண்வலிக்கிழங்கில் இருக்கிற அதே நஞ்சுதான் அதிலும். அல்பினாவுக்கு இது தெரியாததில்லை. காப்பகத்துக் குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், "கசக்கு, மோந்து பாரு, பூண்டு வாசனை வந்தா மட்டும் பறி" என்று அவள்தான் பாட்டாகப் படித்துக் கொடுத்தவள். ஆனால் நூறு இலை பறித்த கையில் எதை எடுத்து முகர்ந்தாலும் பூண்டு வாசனைதான் வரும்.

பல்வலியோடு வந்தவள் பேசாமலா இருந்தாள்? அரை மணி நேரத்தில் வலி மறந்து போயிற்று. நெவென்கா மகள் வீட்டுச் செய்தியை எடுத்து விட்டாள். உர்ஷாவின் மாமியார், பிறப்பது பெண்ணாக இருந்தால் தன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

"என்ன பேரு?"

"ஹில்டெகார்ட்."

கீழேயிருந்து தீனேயின் குரல் வந்தது: "கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துடும்."

"உன்னை யாரு கேட்டா? சாசேஜ் கருகாம பாத்துக்க," என்றாள் அவன் மனைவி.

அப்புறம் அல்பினாவின் முறை. சித்தப்பா மகன் ஸ்தாங்கோ பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று பெட்டியோடு கிளம்பியவன், ஆறாம் நாள் திரும்பி வந்துவிட்டானாம். ரத்த அழுத்த மாத்திரை எங்கே இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியுமாம். அவன் வந்து நின்ற கோலத்தை அல்பினா நடித்துக் காட்ட, நெவென்கா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அல்பினா கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, மரங்களை விட்டு இறங்கித் திறந்த புல்வெளிக்குப் போயிருந்தாள். வாய் ஸ்தாங்கோவின் கதையில் இருந்தது. கை தன் பாட்டுக்குப் பறித்தது. அங்கே இலை கொழுகொழுவென்று, இளசாக, ஒன்றோடொன்று நெருங்கி நின்றது. பத்து நிமிஷத்தில் பை நிறைந்துவிட்டது.

மதியம் தம்பி வீட்டில் சமையல். நெவென்கா தன் பையிலிருந்த கீரையில் சூப் வைத்தாள். அல்பினாவின் பையில் இருந்தது இளசாக இருந்ததால், அதை நறுக்கி, வெந்த உருளைக்கிழங்கின் மேல் பச்சையாகவே தூவி, வினிகரும் பூசணி விதை எண்ணெயும் விட்டுக் கலந்தாள். அது தீனேயின் உயிர். நெவென்காவுக்குப் பித்தப்பையில் கல். பச்சைக் கீரை ஆகாது. அல்பினாவால் மெல்ல முடியாது. இருவரும் சூப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

"எனக்கே எனக்கா," என்று தீனே கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "லேசாக் கசக்குது. ஆனா நல்லாத்தான் இருக்கு."

"மழையில வளர்ந்தது, அப்படித்தான் இருக்கும்," என்றாள் அல்பினா.

இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் நெவென்கா போன் செய்தாள். ராத்திரி முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு.

"அந்த சாசேஜ்தான். நான் அப்பவே சொன்னேன், உள்ள வேகலைன்னு," என்றாள் அல்பினா.

திங்கட்கிழமை தீனேயே பேசினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆனால் வாந்தி நின்றுவிட்டது என்றான்.

"டாக்டர்கிட்ட போடா."

"எல்லாம் வெளிய போயிடுச்சுக்கா. இனிமே போறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. ரெண்டு நாள்ல எழுந்துடுவேன்."

அன்று சாயங்காலமே அவன் கால் மரத்துப்போய் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வந்து தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று.

செவ்வாய்க்கிழமை அல்பினா போனபோது நெவென்கா தாழ்வாரத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இளம் டாக்டர் பெண் ஒருத்தி வந்து எதிரே உட்கார்ந்து, கடந்த நான்கு நாள் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சூப் வந்தது, சாசேஜ் வந்தது, கடைசியில் உருளைக்கிழங்கும் பச்சைக் கீரையும் வந்தன. டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள்.

"காட்டுப்பூண்டா? எங்க பறிச்சீங்க?"

"ஓடைக்கு மேல. மரத்தடியில."

"புல்வெளி ஏதாவது இருக்கா அங்க? ஈரமா?"

கொழுகொழுவென்ற அந்த இலைகள் அல்பினாவின் கண்முன் வந்து நின்றன. ஒன்றுக்கும் காம்பு இருந்த நினைவில்லை. காட்டுப்பூண்டுக்குக் காம்பு உண்டு.

"யாரு பறிச்சது?" என்று கேட்டாள் டாக்டர்.

"நான்," என்றாள் நெவென்கா.

அல்பினா திரும்பி அவளைப் பார்த்தாள். நெவென்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். அல்பினா அதைச் சொல்லவில்லை.

"இந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாதுங்க," என்றாள் டாக்டர். "எங்களால முடிஞ்சதைச் செய்யறோம்."

முதலில் சிறுநீரகம் நின்றது. பிறகு ஈரல். வியாழக்கிழமை மத்தியானம் தீனே போய்ச் சேர்ந்தான். கடைசி ஒரு நாள் அவனுக்கு நினைவில்லை. அதற்கு முந்தைய நாள் நினைவிருந்தது. அக்காவைப் பார்த்து, "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். தானே பறித்ததாகவும், தானே சமைத்ததாகவும் நெவென்கா கையெழுத்துப் போட்டாள். விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

ஊர் விடுமா? ரொட்டிக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு அறுந்தது. அதையெல்லாம் நெவென்கா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. அடக்கம் முடிந்த அன்று, வீட்டில் வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், உர்ஷா வயிற்றைப் பிடித்தபடி எழுந்து அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு இலையைக் கூடவா மோந்து பாக்கலை நீ? சின்ன வயசுல அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையா? அப்பாவுக்கு நீயே போட்டுக் கொடுத்திருக்கே."

நெவென்கா காலிக் காப்பிக் கோப்பைகளை எடுக்க ஆரம்பித்தாள். உர்ஷா அன்றே புருஷனோடு கிளம்பிப் போனாள். அதன்பின் அம்மாவின் போனை எடுக்கவில்லை. அத்தையோடு மட்டும் வாரம் ஒருமுறை பேசினாள். குழந்தை உதைக்கிறது, பெண் என்று சொல்லிவிட்டார்கள், கால் வீங்குகிறது. அல்பினா போனைக் காதில் வைத்துக்கொண்டு ம் கொட்டினாள். ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. உடம்பு பாதியாயிற்று. சமைத்து வைப்பாள், தட்டில் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள், அப்படியே மூடி வைப்பாள்.

ஜூன் மாதக் கடைசியில் அல்பினா தம்பி வீட்டுக்குப் போனாள். நெவென்கா பின்கட்டில் அவரைக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தாள்.

"நெவென்கா, அந்தக் கீரை..."

"தெரியும்," என்றாள் நெவென்கா, குனிந்த தலை நிமிராமல்.

"என்ன தெரியும்?"

"உன் பைதான்னு தெரியும். கழுவினது நான் இல்லையா? காம்பு இல்லாத இலை நிறைய இருந்துச்சு. என்னடா இதுன்னு ஒரு கணம் கையில எடுத்துப் பாத்தேன். அல்பினா பறிச்சது, அவளுக்குத் தெரியாததான்னு நறுக்கிப் போட்டுட்டேன்." கொம்பை மண்ணில் அழுத்தினாள். "பறிச்சது நீ. பாத்துட்டும் போட்டது நான்."

அல்பினா ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னே டாக்டர்கிட்ட?"

"யோசிச்சுச் சொல்லலை. உன் முகத்தைப் பாத்தேன், சொல்லிட்டேன். சொன்னப்புறம் மாத்த முடியலை."

"உர்ஷாகிட்ட நான் சொல்லிடறேன்."

நெவென்கா முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். "வேண்டாம். அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. என்னை வெறுத்துட்டா. அது பழகிப் போச்சு அவளுக்கு. உன்னையும் பறிகொடுத்தா யாருகூடப் பேசுவா? உன் பாரத்தை இறக்கி அந்தப் பிள்ளைத்தாச்சி தலையில வைக்காதே."

"உன்னால தாங்க முடியுதா?"

"முடியலைதான். அதனால என்ன? உன்னால முடியுமா, என்னால முடியுமான்னு யாரு கேட்டா? தாங்கித்தான் ஆகணும்."

அல்பினா வீட்டுக்கு வந்தாள். நெவென்கா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உர்ஷா போனில், "அம்மா செத்தாலும் நான் வரமாட்டேன் அத்தை" என்று சொன்னபோது, எந்த நியாயமும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ரயிலேறி கிராட்ஸ் போனாள்.

உர்ஷா கதவைத் திறந்து கட்டிக்கொண்டாள். பெரிய வயிறு இருவருக்கும் நடுவே இடித்தது. தேநீர் வைக்கப் போனவளை அல்பினா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. புல்வெளிக்குப் போனதை, ஸ்தாங்கோ கதையைச் சொல்லிச் சிரித்ததை, டாக்டர் கேட்டபோது வாய் மூடி நின்றதைச் சொன்னாள். நெவென்கா காம்பைப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள்.

உர்ஷா கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் அம்மாவைத் திட்டினப்ப நீங்க எங்க இருந்தீங்க அத்தை?"

"அங்கதான். ஜன்னல் பக்கத்துல."

"கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"அப்பாவைக் கொன்னது கூட கை தவறினதுன்னு விட்டுடலாம்," என்றாள் உர்ஷா. குரல் உயரவே இல்லை. "ரெண்டரை மாசம் என்னை அம்மாவைத் திட்ட விட்டுட்டு ம் கொட்டினீங்களே, அது எதுல சேத்தி? அடுத்த ரயில் மூணு மணிக்கு. போயிடுங்க."

அல்பினா எழுந்து போனாள். அன்று மாலையே உர்ஷா அம்மாவுக்கு போன் செய்தாள் என்பது, மறுநாள் நெவென்கா வந்து கத்தியபோதுதான் தெரிந்தது.

"யாரைக் கேட்டுச் சொன்னே? நான் வேண்டாம்னு சொல்லியும் போயிருக்கே. உனக்கு நிம்மதி வேணும், அதுக்கு எம்பொண்ணு அழணும், அப்படித்தானே?"

"அவ உன்கிட்ட பேசினாளா?"

"பேசினா. அழுதா. நானும் அழுதேன்." நெவென்கா மூச்சு வாங்கினாள். "ஆனா நீ வாயைத் திறந்தது எனக்காக இல்லை. அது எனக்குத் தெரியும்."

அது உண்மையா பொய்யா என்று அல்பினாவுக்கே தெரியவில்லை.

நெவென்கா பிரசவத்துக்கு கிராட்ஸ் போனாள். ஆகஸ்ட் முழுவதும் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அல்பினா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் அவரைக்குத் தண்ணீர் ஊற்றினாள். யாரும் ஊற்றச் சொல்லவில்லை. காய் முற்றிக் காய்ந்தது. பறிக்க அவளுக்குக் கை வரவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. நெவென்கா நின்றிருந்தாள். நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். பெட்டி கையில் இருந்தது.

"பொண்ணு பொறந்திருக்கு," என்றாள். "மூணு கிலோ இருநூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உர்ஷா உன்கிட்ட சொல்லச் சொல்லலை. நானாத்தான் வந்தேன்."

"உள்ள வா," என்றாள் அல்பினா. "சூப் இருக்கு."

நெவென்கா அவள் தோளுக்கு மேலே உள்ளே எட்டிச் சமையலறையைப் பார்த்தாள். அடுப்பின் மேல் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல. இன்னும் உன் கையால சாப்பிட முடியாது என்னால," என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கேட்டைத் திறக்க ஒரு கை போதாமல் திணறினாள். அல்பினா ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். அவள் தெருமுனையைத் தாண்டும் வரை கேட்டைப் பிடித்தபடியே நின்றாள்.